பீப்பாயைத் தேடிப் போக வேண்டும்: இங்கிலாந்தின் பழைய பப்களில் பத்து நாள்

செப்டம்பரில் பத்து நாள் இங்கிலாந்து வருகிறீர்கள். கார் ஓட்டப் போவதில்லை. பழைய பப்களைப் பார்க்க வேண்டும், பீப்பாயிலேயே பக்குவமாகும் கேஸ்க் ஏல் என்ற பீரைக் குடித்துப் பார்க்க வேண்டும். மனைவி மதுவைத் தொடாதவர், ஆனால் கூடவே வருகிறார். "அந்த ஊர் பீர் வெதுவெதுப்பாக, செத்துப்போன சோடா மாதிரி இருக்கும்" என்று நண்பர்கள் வேறு பயமுறுத்தியிருக்கிறார்கள். எங்கே போவது, எதைக் கேட்பது, மனைவி அங்கே என்ன செய்வார் என்பவைதான் உங்கள் கேள்விகள். இருபது ஆண்டுகளாக இங்கிலாந்தின் நடுவே உள்ள மிட்லண்ட்ஸ் பகுதியில் குடியிருப்பவன், அதில் கணிசமான சனிக்கிழமைகளை இந்த ஆராய்ச்சிக்கே ஒதுக்கியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில் நண்பர்களின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். ஒழுங்காகப் பராமரிக்கப்படும் நிலவறையிலிருந்து வரும் கேஸ்க் ஏல் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் இருக்கும். ஃபிரிட்ஜ் தண்ணீருக்கும் பானைத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நாக்கை மரத்துப்போக வைக்கும் குளிரில் லாகர் என்ற வகை பீரும் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றுதான். மால்ட் எனும் முளைகட்டிய பார்லியின் பிஸ்கட் வாசமும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் தெரிய வேண்டுமென்றால் குளிர் சற்று விலகி நிற்க வேண்டும். உங்கள் நண்பர்களுக்கு உண்மையிலேயே வெதுவெதுப்பான ஒரு பைன்ட், அதாவது ஒரு கோப்பை பீர், கிடைத்திருந்தால், அவர்கள் தவறான பப்புக்குப் போயிருக்கிறார்கள்.

தவறான பப், சரியான பப் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஏன் என்று சொல்ல நிலவறைக்குள் இறங்கியாக வேண்டும்.

சாதாரண பீர் ஆலையிலேயே முடிந்துபோன பொருள். வடிகட்டி, சூடாக்கி, ஈஸ்ட்டைக் கொன்று, வாயு ஏற்றி அனுப்புகிறார்கள். கேஸ்க் ஏல் அப்படியில்லை. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். அது பப்பின் நிலவறையில் படுத்துக்கொண்டே இரண்டாம் முறை நொதிக்கிறது. அந்த நொதிப்பில் பிறக்கும் கரியமில வாயு மட்டும்தான் அதன் துள்ளல். பப் நடத்துபவர் பீப்பாயைப் பக்கவாட்டில் கிடத்தி அசையாமல் வைப்பார். மேலே உள்ள துளையில் மென்மையான மர ஆணி ஒன்றை அடித்து அதிகப்படி வாயுவை மெல்ல வெளியேற விடுவார். போதும் என்று தோன்றியதும் கெட்டி மர ஆணிக்கு மாற்றுவார். எப்போது மாற்றுவது என்பது கைப்பழக்கம். இட்லி மாவு பொங்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்தா சொல்கிறோம்? ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளிந்த பிறகுதான் விற்பனை. கவுண்டரில் நிற்கும் அந்த நீண்ட கைப்பிடி வெறும் பம்பு. ஜோசப் பிராமா 1797இல் காப்புரிமை பெற்ற பீர் பம்பின் வம்சம்தான் அது. அது பீரை மேலே இழுக்குமே தவிர வாயு எதையும் சேர்க்காது.

ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் வெளியேறிய பீருக்குப் பதிலாகக் காற்று உள்ளே புகுகிறது. அங்கிருந்து நாள் எண்ண ஆரம்பிக்க வேண்டியதுதான். திறந்த பீப்பாய் மூன்று நாள் நன்றாக இருக்கும், அதன்பின் புளிக்கத் தொடங்கும். கள் இறக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மரத்தடியில் காலையில் குடித்த கள்ளும் மாலையில் பஸ் ஏறி வந்த கள்ளும் ஒன்றா என்ன?

இனி ஒரு சின்னக் கணக்கு. பப்களில் அதிகம் புழங்கும் பீப்பாய்க்கு ஃபர்கின் என்று பெயர். அது 9 காலன், அதாவது 72 பைன்ட் பிடிக்கும். ஒரு பைன்ட் 568 மில்லிலிட்டர். மூன்று நாளில் 72 பைன்ட் விற்க வேண்டுமென்றால், ஒரு பம்பில் நாளொன்றுக்கு 24 பைன்ட் போக வேண்டும். பத்து பம்பு வைத்திருக்கும் பப், நாளொன்றுக்கு 240 பைன்ட் கேஸ்க் ஏல் மட்டுமே விற்றாக வேண்டும். செவ்வாய் மதியம் இரண்டு முதியவரும் ஒரு நாயும் மட்டும் இருக்கும் கூடத்தில் பத்து பம்பு வரிசையாக மின்னினால் ஒரு புன்னகையுடன் வெளியே வந்துவிடுங்கள். மூன்றே பம்பு, ஆனால் ஆள் நடமாட்டம் உள்ள இடம்தான் உங்கள் இடம். இந்த ஒரு கணக்கு, எந்த வழிகாட்டிப் புத்தகத்தையும் விட என்னை அதிகம் காப்பாற்றியிருக்கிறது.

வழிகாட்டிப் புத்தகமும் இருக்கிறது, அதையும் குறை சொல்வதற்கில்லை. 1960களில் பெரிய ஆலைகள் இந்த வேலையெல்லாம் எதற்கு என்று, வாயு ஏற்றிய கெக் பீரை நாடு முழுக்கத் தள்ளிவிட்டன. எங்கும் ஒரே சுவை, கெடுவதில்லை, நிலவறையில் கைத்திறன் தேவையில்லை. 1971இல் அயர்லாந்துக்குச் சுற்றுலா போன நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் இதைப் புலம்பிப் புலம்பி ஒரு சங்கமே தொடங்கிவிட்டார்கள். அதுதான் இன்றைய காம்ரா. குடிப்பவர்களின் போராட்டம் ஒன்று இவ்வளவு தூரம் வென்ற கதை உலகில் அதிகம் இருக்காது. அவர்கள் 1974 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் குட் பீர் கைடு, உள்ளூர் உறுப்பினர்கள் குடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். பழைமை கெடாத உள்ளலங்காரம் கொண்ட பப்களுக்கும் தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டும் பயன்படும்.

இப்போது ஊர்கள். பத்து நாளில் இங்கிலாந்தை வலம் வர நினைக்காதீர்கள். நான்கு இடம் போதும்.

லண்டனில் ஒரே ஒரு மாலை. சவுதாக்கில் உள்ள ஜார்ஜ் இன், 1676இல் தீயில் எரிந்து மறு ஆண்டே கட்டி எழுப்பப்பட்டது. குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றமும் அதைப் பார்த்த மரத் தாழ்வாரங்களும் இன்னும் இருக்கின்றன, பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட்டின் பொறுப்பில். கூட்டம் அதிகம், விலையும் அதிகம். மற்ற ஊர்களில் 4, 5 பவுண்டுக்குக் கிடைக்கும் பைன்ட் லண்டனில் 6 பவுண்டையும் தாண்டும். பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மறுநாள் லூயிஸ். விக்டோரியா நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஊஸ் ஆற்றங்கரையில் ஹார்வீஸ் ஆலையின் கோபுரம் நிற்கிறது. அவர்களுடைய சசெக்ஸ் பெஸ்ட், பிட்டர் எனப்படும் கசப்பு வகை ஏல், 4 சதவீத ஆல்கஹால், இந்த ஊரின் குலதெய்வம். மிகைப்படுத்தவில்லை. 2006 கடைசியில் லூயிஸ் ஆர்ம்ஸ் என்ற பப்பை வைத்திருந்த பெரிய நிறுவனம், ஹார்வீஸை நிறுத்திவிட்டுத் தன் பீரை மட்டுமே விற்கும் என்று முடிவு செய்தது. வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று மறியல் செய்தார்கள். குளிர்காலம் முழுக்க உள்ளே கால் வைக்கவில்லை. 2007 ஏப்ரலில் நிறுவனம் பணிந்தது, ஹார்வீஸ் திரும்பி வந்தது. ஆலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், அந்த பீரையே குடித்து வளர்ந்த கூட்டத்துக்கு நடுவே ஒரு பைன்ட் குடித்துப் பாருங்கள். பிறகு அதே பீர் நூறு மைல் தள்ளிக் கிடைத்தால் அதையும் குடித்துப் பாருங்கள். நான் சொல்ல வருவது விளங்கிவிடும்.

அதன்பின் என் சொந்தப் பேட்டை. பர்மிங்காமுக்கு மேற்கே, ஒரு காலத்தில் நிலக்கரியும் இரும்பும் வானத்தையே கறுப்பாக்கிய பிளாக் கன்ட்ரி. சுற்றுலாப் பயணிகள் ஒருவரும் வராத இடம், ஆகவே மூன்று நாள் இங்கே தங்குங்கள். பிரயர்லி ஹில்லில் பாத்தம்ஸ் ஆலையை ஒட்டினாற்போல் வைன் இன் இருக்கிறது. ஊர்க்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள், 'புல் அண்ட் பிளாடர்' என்று கேளுங்கள். கட்டடத்தின் நெற்றியில் ஷேக்ஸ்பியர் வரி ஒன்றைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள், நல்ல ஏல் காய்ச்சுகிறாய், உன் நெஞ்சம் வாழ்க என்ற பொருளில். பாத்தம்ஸ் பிட்டர் சற்றே இனிப்பாகத் தொடங்கி, விழுங்கிய பின் மெல்லக் கசக்கும். அந்தக் கசப்பு மறைவதற்குள் அடுத்த மிடறு கேட்கும். வாசலுக்கு வாசல் பீர் போவதால் இங்கே தேங்கிப் புளிக்க நேரமே இல்லை.

செட்ஜ்லியில் உள்ள பீக்கன் ஹோட்டலில் தங்க அறை தேடாதீர்கள், ஹோட்டல் என்பது பெயரில் மட்டுமே. நடுவில் கூண்டு போல ஒரு பார். அதைச் சுற்றிச் சிறு சிறு அறைகள். தலையைக் குனிந்து சின்ன ஜன்னல் வழியாகத்தான் பீர் வாங்க வேண்டும், கோயில் டிக்கெட் கவுண்டர் போல. பின்கட்டில் அவர்களே காய்ச்சும் சாரா ஹியூஸ் டார்க் ரூபி மைல்ட், பாட்டியின் செய்முறையைப் பேரன் 1980களில் மீட்டெடுத்தது. மைல்ட் என்ற பெயரை நம்பி ஏமாறாதீர்கள். 6 சதவீதம். பேரீச்சம்பழமும் கருப்பட்டியும் கலந்த மாதிரி ஒரு வாசம். இதை அரை பைன்ட்டாக வாங்குவதில் எந்த வெட்கமும் இல்லை.

நெதர்டனில் ஓல்ட் ஸ்வான் என்ற பப்பை 'மா பார்டோ' வீடு என்றே சொல்வார்கள். உள்கூரையில் எனாமல் தகட்டில் தீட்டிய பெரிய அன்னப்பறவை. 1970களின் தொடக்கத்தில் தன் பீரைத் தானே காய்ச்சும் பப்கள் இங்கிலாந்தில் நான்குதான் மிச்சம் இருந்தன, அதில் இது ஒன்று. கார்ன்வாலில் ஹெல்ஸ்டனின் புளூ ஆங்கர் மற்றொன்று. அது உங்கள் வழியில் இல்லை என்பதில் எனக்கே வருத்தம்.

ஹிம்லியில் இருந்த குரூக்கட் ஹவுஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இணையத்தில் அதன் படத்தைப் பார்த்துவிட்டுத் தேடிப் போகாமல் இருக்க. 1765இல் கட்டிய வீடு. அடியில் சுரங்கம் தோண்டியதால் ஒரு பக்கம் அமிழ்ந்து, கோணலாகவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் பீர் ஊற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் விளிம்பில் கோலிக்குண்டை வைத்தால் மேல் நோக்கி உருள்வது போலத் தெரியும். குடிக்காமலே தலை சுற்றும் ஒரே இடம் அது. 2023 ஆகஸ்ட் 5 இரவு எரிந்தது, இரண்டே நாளில் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று 2024இல் உள்ளாட்சி மன்றம் உத்தரவிட்டது. கட்டினாலும் அந்தக் கோணல் வருமா? நான் கடைசியாக அங்கே போனபோது படம் எடுக்கவில்லை. எப்போதும் இருக்கும் இடம்தானே என்று நினைத்திருந்தேன்.

இதே வட்டாரத்தில் நம் தோல் நிறத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்றும் இருக்கிறது. 1960களில் ஸ்மெத்திக்கில் பல பப்கள் கறுப்பருக்கும் ஆசியருக்கும் நல்ல அறைகளில் பீர் தர மறுத்தன. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் இந்த ஊருக்கு வந்தார். இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜோஹல் அவரை புளூ கேட்ஸ் பப்புக்கு அழைத்துச் சென்று அந்தத் தடையை நேரில் காட்டினார். ஒன்பது நாள் கழித்து மால்கம் எக்ஸ் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் இங்கே அதே ஆண்டு வந்தது. வார்ப்பாலைகளில் வேலை பார்த்த பஞ்சாபிகள் பின்னாளில் அந்தப் பப்களையே வாங்கி நடத்த ஆரம்பித்தார்கள். இன்று 'தேசி பப்' என்று சொன்னால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பைன்ட்டுக்குத் துணையாக இரும்புத் தட்டில் சுடச்சுட ஆவி பறக்கும் கோழியும் பன்னீரும் வரும். வெஸ்ட் பிராம்விச் ரெட் லயனில் அந்த முதல் தலைமுறைத் தொழிலாளர்களை வண்ணக் கண்ணாடி ஜன்னலில் வடித்திருக்கிறார்கள். கேஸ்க் ஏலுக்காக தேசி பப் போகாதீர்கள், பெரும்பாலும் லாகர்தான் ஓடும். சாப்பாட்டுக்கும் அந்த ஜன்னலுக்கும் போங்கள்.

வடக்கே போகும் வழியில் பர்ட்டன் அப்பான் டிரென்ட்டில் அரை நாள் இறங்குங்கள். ஊரின் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். அது ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த வெள்ளையருக்காக ஆப்பிரிக்க முனையைச் சுற்றிக் கப்பலேறிய பேல் ஏலில் இந்த ஊர் சரக்குதான் கடைசியில் கொடிகட்டிப் பறந்தது. கூப்பர்ஸ் டேவர்னில் பம்பே இல்லாமல், பின்னறையில் கிடத்திய பீப்பாயின் குழாயைத் திறந்து டிராட் பாஸ் என்ற ஏலை ஊற்றித் தருவார்கள். முகர்ந்தால் தீக்குச்சி உரசியது போல மெல்லிய கந்தக வாடை வரலாம். அது கெட்டுப்போன அடையாளம் இல்லை, ஊர்த் தண்ணீரின் முத்திரை.

பழைமைப் பைத்தியம் உள்ளவர்கள் நாட்டிங்காமுக்கு ஓடுவார்கள். 'டிரிப் டு ஜெருசலேம்' சுவரில் 1189 என்று எழுதியிருக்கும். நிற்கும் கட்டடம் அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது, அதே ஊரில் போட்டிக்கு இன்னும் இரண்டு பப்கள் உண்டு. பாறையைக் குடைந்த அறைகள் அழகுதான், போகலாம். ஆண்டுக்கணக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

கடைசி மூன்று நாளை ஷெஃபீல்டுக்கும் பென்னைன் மலையைக் கடக்கும் ரயிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஷெஃபீல்டு நிலையத்தின் பழைய சிற்றுண்டி அறையே இப்போது ஒரு நல்ல பப். கெல்ஹாம் ஐலண்ட் பகுதியில் ஃபேட் கேட், கெல்ஹாம் ஐலண்ட் டேவர்ன் இரண்டும் சில நிமிட நடையில். கடையில் இருக்கும் எண்பது வயதுப் பெரியவர் உங்களை "லவ்" என்று அழைப்பார். திகைக்க வேண்டாம், நம் ஊரில் "தம்பி" என்பது போலத்தான்.

ரயில் பாதையில் டியூஸ்பரி, ஹடர்ஸ்ஃபீல்ட், மார்ஸ்டன், ஸ்டேலிபிரிட்ஜ் என்று நிலையத்திலேயோ நிலையத்துக்குப் பக்கத்திலேயோ பப்கள். இறங்கி, குடித்து, அடுத்த வண்டியில் ஏற வேண்டியதுதான். சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், கல்யாணத்துக்கு முன் நண்பர்களோடு குடிக்கக் கிளம்பும் மாப்பிள்ளைக் கூட்டம் வேடமிட்டு அலையும். புதன், வியாழன் நல்லது. பாதையில் விரிவாக்கப் பணிகள் நடக்கின்றன, வண்டி ஓடுகிறதா என்று காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மார்ஸ்டனில் ஆற்றோரம் உள்ள ரிவர்ஹெட் பப்பில் எனக்குப் பிடித்த ஒரு குறும்பு உண்டு. பீர்களுக்குச் சுற்றியுள்ள மலை நீர்த்தேக்கங்களின் பெயரை வைத்தார்கள், எந்த நீர்த்தேக்கம் எவ்வளவு உயரமோ அந்த பீர் அவ்வளவு காட்டம்.

வடக்கே வந்ததும் பைன்ட்டின் தலையில் கெட்டி நுரை நிற்பதைக் கவனிப்பீர்கள். பம்பின் மூக்கில் துளையிட்ட ஒரு சிறு மூடியை மாட்டியிருப்பார்கள், அதன் பெயர் ஸ்பார்க்லர். தெற்கத்தியர் இதைக் கண்டால் துள்ளிக் குதிப்பார்கள், துள்ளலை எல்லாம் நுரையாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள். நான் நடுவில் வசிப்பவன். வடக்கத்திய பீருக்கு வேண்டும், ஹார்வீஸுக்கு வேண்டாம்.

கேட்கும் முறைக்கு வருகிறேன். மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் பொழுது விடிந்துவிடும், பாருக்கே போக வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யார் முன்னால் வந்தார்கள் என்பது நிற்கும் எல்லோருக்கும் தெரியும். பணத்தை ஆட்டுவது, சொடுக்குப் போடுவது கூடாது. எது இப்போது நன்றாகப் போகிறது என்று கேளுங்கள், ஒரு மடக்கு ருசி பார்க்கத் தருவார்கள். லேசானதில் தொடங்கிக் காட்டமானதற்குப் போங்கள். வினிகர் வாடை அடித்தால் தயங்காமல், தாழ்ந்த குரலில், "பீப்பாய் கடைசிக்கு வந்துவிட்டது போலிருக்கிறது" என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். நல்ல இடத்தில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். ஒருமுறை ஓர் ஊரில் என்னிடம், "கேஸ்க் ஏல் என்றால் இப்படித்தான்" என்று பாடம் எடுத்தார்கள். இருபது ஆண்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டேன். உள்ளூர்க்காரர் ஒருவர் உங்களுக்கும் சேர்த்து வாங்கினால் அடுத்த சுற்று உங்களுடையது. மறந்தால் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மறக்கவும் மாட்டார்கள்.

நீங்கள் சைவமா என்று சொல்லவில்லை. பீரைத் தெளியவைக்கப் பல ஆலைகள் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கின்றன. அது வண்டலோடு அடியில் போய்விடும், ஆனாலும் கண்டிப்பான சைவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. அது சேர்க்காத, சற்றே கலங்கிய ஏல்களும் இப்போது நிறைய வருகின்றன. கிராமத்துப் பக்கம் சில பப்கள் திங்கள்கிழமை திறப்பதில்லை, சில மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். பஸ்ஸுக்கு 2025 முதல் ஒரு பயணத்துக்கு 3 பவுண்டு உச்சவரம்பு இருப்பதால் பிளாக் கன்ட்ரி சுற்றுவதில் செலவு அதிகம் ஆகாது.

உங்கள் மனைவி என்ன செய்வார் என்று கேட்டிருந்தீர்கள். பப்பில் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவர்களை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. லைம் சோடா கேட்கலாம், பல இடங்களில் தேநீரே தருவார்கள். பயண முடிவில் ஸ்டேலிபிரிட்ஜ் நிலையத்தின் பழைய பஃபே பாரில் கணப்புக்கு அருகே அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, பிளாக் பீஸ் ஒரு கிண்ணம் வாங்கி வையுங்கள். கறுப்புப் பட்டாணியை வேகவைத்து வினிகர் தெளித்துத் தருவார்கள், நம் சுண்டலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. தாளிப்பு இல்லையே என்று அவர் குறை சொல்வார். கைப்பையில் கொஞ்சம் மிளகாய்ப்பொடி எடுத்து வரச் சொல்லுங்கள்.